சனிக்கிழமை ஆறு மணிக்குள் இரண்டு பதில்கள்

மணி நாலே கால்தான் ஆகிறது, ஆறுக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது, இரண்டு பதிலில் ஒன்றைப் போட்டாகிவிட்டது, ஒரே ஒன்றுதான் பாக்கி. மாவு மில் வாசலில் சுவரோரமாகக் கிடக்கும் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். என் கோதுமை டப்பா உள்ளே வரிசையில் ஏழாவதாக நிற்கிறது. மிளகாய்த் தூக்கு வேறு வரிசை. துரைக்கண்ணு அண்ணன் மில்லில் காலையில் அரிசி, மதியத்துக்கு மேல் கோதுமையும் கேழ்வரகும், ஐந்து மணிக்குப் பிறகுதான் மிளகாய். எவ்வளவு கெஞ்சினாலும் மாற்ற மாட்டார். மிளகாய் அரைத்த மிஷினில் கோதுமையைப் போட்டால் யார் வீட்டுச் சப்பாத்தியிலோ காரம் ஏறும். அது எனக்குப் புரிகிறது. இதற்குப் பிறகு இது, அதற்குப் பிறகு அது என்று ஒருவர் வைத்தால் அதில் ஒரு காரணம் இருக்கும். எங்களுக்குப் போனில் வகுப்பு எடுக்கிற இமாகுலேட் மிஸ் வைத்த புதுக் கெடுவும் அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன், ஆனாலும் பழைய முறையே எனக்கு நன்றாக இருந்தது. பழைய முறையில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரே ஒரு கெடுதான். மிஸ் போனில் ஒரு கேள்வி போடுவார், வகுப்பில் இருபத்து மூன்று பேர், எல்லோரும் என்னைப் போல எங்கெங்கோ நர்சரிகளில் ஆயா வேலை பார்க்கிறவர்கள், அல்லது பார்க்க நினைக்கிற சின்னப் பெண்கள். நான் ஞாயிறு மூன்று மணி வரை வாயே திறக்க மாட்டேன். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்து, இவளிடம் ஒரு வரி, அவளிடம் ஒரு வரி எடுத்து, வெட்டுத்துணியில் பாவாடை தைக்கிற மாதிரி ஒன்றைத் தைத்துப் போட்டுவிடுவேன். யாரும் படிக்க மாட்டார்கள். நானும் யாரோடும் பேச வேண்டாம். பத்துக்கு ஐந்து வந்துகொண்டிருந்தது. அது போதும் என்றுதான் இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் வீடியோ வகுப்பில் மிஸ் சொன்னார், ஞாயித்துக்கிழமை சாயந்திரம் இருபத்து மூணு பேரும் ஓடி வந்து கொட்டிட்டு ஓடிப் போயிடறீங்க, ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் காதுல வாங்கறதே இல்ல, இது கலந்துரையாடலா, பஸ் ஸ்டாண்டா என்று. அதற்கு மறுவாரம் மூன்று கெடு வந்துவிட்டது. புதன்கிழமை ஆறு மணிக்குள் நம்முடைய கருத்து. நம்முடையதைப் போடாமல் மற்றவர்கள் எழுதியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அப்படி ஒரு பூட்டுப் போட்டுவிட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்குள் இரண்டு பேருக்குப் பதில். திங்கட்கிழமை ஆறு மணிக்குள் நமக்கு யாராவது கேள்வி கேட்டிருந்தால் அதற்கு மறுமொழி. நாலு மார்க், நாலு மார்க், இரண்டு மார்க். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும், விரலால் எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது. முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேருக்குப் பதில் போட்டால் மற்ற இருபது பேர் என்ன நினைப்பார்கள்? எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒருத்தி வீட்டு வளைகாப்புப் போட்டோவுக்கு வாழ்த்துப் போட்டுவிட்டு இன்னொருத்தி பேரன் மொட்டை போட்டோவுக்குப் போடாமல் விட்டால் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அதனால் இருபத்திரண்டு பேருக்கும் போட்டேன். அருமை சகோதரி, இரண்டு கைகூப்பு, ஒரு ரோஜா. ஒரு முழுச் சாயந்திரம் பிடித்தது. நாலுக்குப் பூஜ்யம். மிஸ்ஸே போன் பண்ணினார். "கோமளாம்மா, இருபத்திரெண்டு பேருக்கு வணக்கம் வெச்சிருக்கீங்க. ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பூஜ்யத்தால்தான் இன்றைக்கு இந்த நாலு மார்க் எனக்கு உயிர். இது கடைசிக்கு முந்தின வாரம், கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டேன், இதை விட்டால் மொத்தத்தில் பாதி வராது, பாதி வராவிட்டால் சான்றிதழ் கிடையாது. எங்கள் நர்சரியில் தாளாளர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார், ஜூன் மாதத்திலிருந்து சான்றிதழ் வைத்திருக்கிற ஆயாதான் வகுப்புக்குள் பிள்ளைகளோடு இருக்கலாம். மற்றவர்கள் கக்கூஸ் கழுவவும் வராந்தா கூட்டவும். கழுவுவது எனக்குக் கேவலம் இல்லை. பதினாலு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பிள்ளைகள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

"இன்னாடி கோமளா, போன மொறச்சிக்கினே கீற? கலெக்டர் பரீச்சையா?" சம்பூர்ணம் அக்கா. எங்கள் தெருக் கோடி வீடு. கேழ்வரகு கொண்டுவந்திருக்கிறாள். எட்டாவதுல நின்னவளுக்கு ஐம்பது வயசுல படிப்பு கேக்குது என்று போன வாரம் குழாயடியில் சொன்னவள், ஆனால் என் போன் தரையில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டபோது தன் மருமகனிடம் கொடுத்துச் சரிபண்ணித் தந்தவளும் அவள்தான். "பதில் எழுதணும்க்கா, ஆறு மணிக்குள்ள." "யாருக்கு?" "கூடப் படிக்கிற பொண்ணுக்கு." "அவ என்ன கேட்டா?" ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கேட்டிருந்தால் தெரிந்ததைச் சொல்லிவிடலாம். இந்த வாரத்துக் கேள்வி சாப்பிட மறுக்கும் குழந்தையை என்ன செய்வீர்கள் என்பது. புதன்கிழமை நான் எழுதியது எனக்கு மனப்பாடம். குழந்தையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கதை சொல்லலாம். பாட்டுப் பாடலாம். பக்கத்தில் சாப்பிடும் குழந்தையைக் காட்டலாம். பசி வந்தால் குழந்தை தானே கேட்கும். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் என் வார்த்தையில் மாற்றி எழுதினேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். போட்டவுடன் பூட்டுத் திறந்தது, மற்றவர்களுடையது வரிசையாக வந்தது, எல்லோரும் கதை, பாட்டு, பொம்மை. ஒன்பதாவதாக யாழரசி. தர்மபுரிப் பக்கம், இருபத்திரண்டு வயது, இன்னும் வேலைக்குச் சேராதவள், வீடியோ வகுப்பில் அவள் முகம் பாதிதான் தெரியும், மீதி பாதியில் பீரோ தெரியும். அவள் எழுதியிருந்தது இதுதான்: "நான் எல்.கே.ஜி. படித்தபோது சாப்பிட மாட்டேன். ஒரு ஆயாம்மா என் மூக்கைப் பிடித்துக்கொள்வார். மூச்சுக்காக வாயைத் திறப்பேன். அப்போது ஸ்பூன் உள்ளே வரும். இன்று வரை யார் முன்னாலும் என்னால் சாப்பிட முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் கை கழுவுகிற இடத்திலேயே நின்றுவிட்டுப் பசியோடு திரும்பி வருவேன். இந்தப் படிப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். சாப்பிட மறுக்கும் குழந்தையை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்யக் கூடாது என்று மட்டும் தெரியும்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், பதில்கள் பூஜ்யம். புதன்கிழமையும் பூஜ்யம், நேற்றும் பூஜ்யம், இப்போது கட்டைவிரலால் இழுத்துப் பார்க்கிறேன், பூஜ்யம்.

மற்றவர்களுக்கெல்லாம் மூன்று, நாலு, ஒருத்திக்கு ஏழு. ஸ்டெல்லா என்கிறவள் முருங்கைக்கீரையைத் தோசையில் மறைத்துக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாள், அதற்குத்தான் ஏழு, ஏழில் ஒன்று நான் வியாழக்கிழமையே போட்டது. எந்தக் கீரையானாலும் காம்பு இருக்கக் கூடாது, காம்பு நாக்கில் பட்டால் குழந்தை கண்டுபிடித்துவிடும் என்று என் பங்குக்குச் சொன்னேன், அதை மிஸ்ஸே பாராட்டினார். இரண்டாவதையும் அப்படி ஏதாவது ஒன்றுக்குப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். யாரும் தடுக்கவில்லை. மெகபூபா என்று ஒருத்தி தட்டில் சாதத்தை நிலா மாதிரி வைக்கலாம் என்கிறாள், அதற்கு ஒரு பதில் என் மனதில் தயாராகவே இருக்கிறது, நிலா மட்டும் போதாது, நட்சத்திரத்துக்குக் காரட் வைக்கலாம். இருபது நிமிஷத்தில் அடித்துவிடுவேன். அடிக்கவும் ஆரம்பித்தேன், நிலா என்று இரண்டு எழுத்து அடித்தேன், அப்போது யாழரசி பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. அவள் இப்போது உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மறுபடி வந்தது. எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். மூன்று கெடு வந்த பிறகு ஒரு வாரம் எனக்கும் பூஜ்யம் இருந்தது. சட்டியைத் துலக்கிக்கொண்டே ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து பார்ப்பேன், பஸ்ஸில் பார்ப்பேன், பதினொரு தடவை பார்த்தேன் ஒரே நாளில். பழைய முறையில் யாரும் படிக்காதது நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அங்கே யாருக்கும் யாரும் இல்லை. இங்கே எல்லோருக்கும் பதில் வந்து எனக்கு மட்டும் வராதபோது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஆள் பிரித்து முடித்த பிறகு மீதியாக நிற்கிற மாதிரி இருந்தது.

மில் சத்தத்தில் பேசி எழுத முடியாது. வீட்டிலானால் மைக்கைத் தொட்டுப் பேசுவேன், அதுவே எழுதிக்கொள்ளும், பாதி தப்பாக. இங்கே ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். அன்புள்ள யாழரசி என்று நாலு நாளாக நாலு தடவை அடித்து அழித்துவிட்டேன். என்னவென்று எழுதுவது? ஐயோ பாவம் என்று எழுதலாம், அப்படிப்பட்ட ஆயாவைச் சும்மா விடக் கூடாது என்று எழுதலாம், அவள் மனசு ஆறும், மார்க்கும் வரும். எழுதுகிற கை எது? இந்த இடது கைதானே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். எங்கள் நர்சரியில் முன்பு இருந்த லோகித்துக்கு அப்போது மூன்று வயது முடிந்து ஒரு மாதம். அம்மா வங்கியில் வேலை. ஊதா மூடி போட்ட டப்பாவில் தயிர்சாதம், மேலே துருவின காரட். மதிய இடைவேளையில் பன்னிரண்டரைக்குக் கேட்டில் வந்து நிற்பாள், பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் டப்பாவைத் திறப்பாள். "காலியா? சூப்பர் ஆயாம்மா!" எல்லா அம்மாக்களும் அப்படித்தான். காலி டப்பாதான் எங்களுக்கு மார்க். டப்பா காலியானால் நல்ல ஆயா, பாதி இருந்தால் முகம் சுருங்கும், இரண்டு நாள் பாதி இருந்தால் தாளாளர் அம்மாவுக்குப் போன் போகும். சுந்தரவல்லி என்று என்னோடு வேலை பார்க்கிறவள் ஒரு வழி வைத்திருந்தாள். பிள்ளை நாலு வாய் தின்றால் நாலு வாய். மீதியை வேப்பமரத்தடியில் காக்காய்க்குக் கொட்டி டப்பாவைக் கழுவி வைத்துவிடுவாள். நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. பெற்றவள் விடியற்காலை எழுந்து செய்து அனுப்புகிற சோறு, அதைக் கொட்டிவிட்டுப் பிள்ளை சாப்பிட்டான் என்று பொய் சொல்லுவதா என்று. "நீ யோக்கியவதிதான் கோமளா, ஒத்துக்கறேன், வுடு" என்றாள். யோக்கியவதிதான். என் டப்பாக்களில் ஒன்றுகூட மரத்தடிக்குப் போனதில்லை. எல்லாம் பிள்ளைகள் வயிற்றுக்குள்தான் போனது. இதைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இப்போது கல்லில் உட்கார்ந்து யோசித்தால், சுந்தரவல்லியிடம் சாப்பிட்ட பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். பொய்க்காரியின் காலை. என் பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், நான் அதை ஒழுக்கம் என்று நினைத்தேன்.

"கோதும யாரு, கோமளாவா? டப்பாவத் தள்ளு" என்கிறார் துரைக்கண்ணு அண்ணன், எழுந்து போய்த் தள்ளிவிட்டு வருகிறேன், கை முழுக்க மாவு, போன் கண்ணாடியில் வெள்ளையாகக் கோடு விழுகிறது, முந்தானையால் துடைக்கிறேன். மணி நாலு ஐம்பது. மூக்கைப் பிடிக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆயா வேலைக்கு வந்து கற்றுக்கொண்டதும் இல்லை. அதை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது. பன்னிரண்டு வயதில், ஏழாவது படிக்கும்போது, அம்மா பீடிக் கம்பெனிக்குப் போய்விடுவாள், தங்கச்சி பூங்கோதைக்கு ஒன்றரை வயது, பக்கத்து வீட்டில் விட்டிருப்பார்கள். மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடி வந்து அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு ஒன்றே முக்கால் மணி அடிப்பதற்கு முன்னால் திரும்ப ஓட வேண்டும். மணி அடித்துவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அவள் ஒரு வாயை வைத்துக்கொண்டு கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சிரிப்பாள் வேறு. எனக்கு ரயில்வே லைனைத் தாண்டிப் போக வேண்டும், கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் கதை முடிந்தது. ஒரு நாள் அழுதுகொண்டே மூக்கைப் பிடித்தேன். வாய் திறந்தது. ஐந்து நிமிஷத்தில் கிண்ணம் காலி. அன்றைக்கு நான் மணிக்கு முன்னாலேயே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், சார் ஏதோ நதிகளைப் பற்றி நடத்தினார், எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. அது மாதிரி ஒரு வருஷம் ஓடினேன். ஓடியும் எட்டாவதோடு நின்றுதான் போனது, அது வேறு கதை. பூங்கோதை இப்போது வேலூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் யாரோ துரத்துகிற மாதிரி சாப்பிடுவாள், தட்டைப் பார்க்கவே மாட்டாள், கடகடவென்று. ஏன்டி இப்படித் தின்கிறாய் என்று நான்தான் கேலி பண்ணுவேன். நான்தான்.

இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. யாழரசிக்கு என் தங்கச்சியைத் தெரிய வேண்டாம். எழுதினால் ஒன்றைத்தான் எழுத வேண்டும், அந்த ஒன்றை எழுதினால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். நாங்கள் எழுதுவதை மாதத்துக்கு ஒரு தடவை மிஸ் அந்தந்த நர்சரிக்கு அனுப்புகிறார். தாளாளர் அம்மா படிக்கிறவர். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, கை கழுவுவது பற்றி நல்லா எழுதியிருக்கீங்க என்றார். இதைப் படித்தால்? சான்றிதழ் கையில் இருக்கும், வேலை இருக்காது. அப்படியே இருந்தாலும் வராந்தாவில்தான் இருக்கும். லோகித்தின் அம்மாவுக்குச் சொல்வார்களோ? அவர்கள் ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருஷமாகிறது, ஆனால் போன் நம்பர் ஆபீசில் இருக்கும். சூப்பர் ஆயாம்மா. மணி ஐந்து பத்து. உள்ளே மிளகாயை ஆரம்பித்துவிட்டார்கள், சத்தமே மாறிவிட்டது, கரகரவென்று, வாசலில் நிற்கிற எல்லோருக்கும் வரிசையாகத் தும்மல் வருகிறது. சம்பூர்ணம் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்ணுல தண்ணி வுட்டுக்கினு எழுதற அளவுக்கு அப்படி என்னாடி எழுதற?" என்றாள். மிளகாய்க்கா என்றேன். "மொளகா எனக்குந்தான் ஏறுது. நான் அழுவுறனா?" அழவில்லை நான். கண் எரிந்தது. யோசித்துப் பார்த்தால் மிஸ்ஸின் மேல்தான் கோபம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே கெடுவாக இருந்தால் இது நடந்திருக்காது. எல்லோரும் எழுதியதைப் பார்த்துக்கொண்டு நானும் எழுதியிருப்பேன், யாழரசி எழுதியதைப் பார்த்தால் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற வரியை அவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன், சுற்றி வளைத்து ஏதாவது எழுதித் தப்பித்திருப்பேன். என்னைக் கண்ணைக் கட்டி முதலில் பேசவைத்து, பேசின பிறகு கட்டை அவிழ்த்து, இப்போது மூன்று நாள் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார் என்கிறார். புதன்கிழமை எழுதிய பொய் அங்கேயே இருக்கிறது, அழிக்கவும் முடியாது. யாழரசியும் அதைப் படித்திருப்பாள். கோமளா அக்கா நல்லவர் என்று நினைத்திருப்பாள்.

லோகித்தைப் பற்றி ஒன்று இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதே இல்லை. முதல் பத்து நாள்தான் மூக்கைப் பிடித்தேன். அப்புறம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நான் இடது கையைத் தூக்கினாலே போதும், அவனாகவே வாயைத் திறந்துவிடுவான். தலையை வாருவதற்காகத் தூக்கினாலும் திறப்பான். ஜன்னலைச் சாத்தத் தூக்கினாலும் திறப்பான். நாங்கள் சிரிப்போம், பாருங்களேன் எப்படிப் பழகிட்டான் என்று. அவன் சாப்பிடக் கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். நிலா என்று அடித்த இரண்டு எழுத்தை அழித்தேன். மெகபூபாவிலிருந்து வெளியே வந்து யாழரசிக்குள் போனேன். பதில் எழுதுக என்கிற கட்டத்தைத் தொட்டேன். அன்புள்ள என்று போடாமல் இப்படி அடித்தேன்: யாழரசி, புதன்கிழமை நான் எழுதியது புத்தகத்தில் இருப்பது. நான் செய்தது அது இல்லை. நானும் மூக்கைப் பிடித்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு இல்லை, நிறையப் பிள்ளைகளுக்கு. டப்பா காலியாக இருக்க வேண்டும் என்று செய்தேன். ஒரு பையன் என் கையைப் பார்த்தாலே வாயைத் திறப்பான். அது பயம் என்று, நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. இனிமேல் செய்ய மாட்டேன். டப்பாவில் மீதி இருந்தால் மீதி இருக்கிறது என்று அவர்கள் அம்மாவிடம் சொல்வேன். இவ்வளவுதான் எழுதினேன். இதற்கு முப்பத்தைந்து நிமிஷம் பிடித்தது. எழுத்துத் தப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். மன்னித்துவிடு என்று கடைசியில் போட்டேன், பிறகு அதை எடுத்துவிட்டேன், அவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, அவள் ஏன் என்னை மன்னிக்க வேண்டும், அது அவள் தலையில் இன்னொரு சுமை. மணி ஐந்து ஐம்பத்தொன்று. அனுப்பு என்பதன் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன், தாளாளர் அம்மாவின் மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது, வராந்தாவும் துடைப்பமும் ஞாபகம் வந்தது. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அழுத்திவிட்டேன். பூஜ்யம் ஒன்றாக மாறியது. மார்க்கைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை, இது சத்தியம், இரண்டு நிமிஷம் கழித்துத்தான் நினைத்தேன்.

மிளகாய்த் தூக்கை வாங்கிக்கொண்டேன், சூடாக இருந்தது, துணியால் மூடினேன். கோதுமை டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்தபோது போன் அதிர்ந்தது. அதற்குள்ளா? சனிக்கிழமைக் கெடுவுக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. யாழரசிதான். திட்டியிருப்பாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன், அல்லது நன்றி அக்கா என்று எழுதியிருப்பாள், இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. "அக்கா, அந்த நேரத்தில் நான் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். அதனால் அந்த ஆயாம்மாவின் முகமே எனக்கு ஞாபகம் இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு நினைத்தாலும் முகம் வருவதில்லை. இதை நான் கேட்க வேறு ஆள் இல்லை. மூக்கைப் பிடித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது?" டப்பாவைக் கீழே வைத்தேன். கல்லில் மறுபடி உட்கார்ந்தேன். இதற்குத் திங்கட்கிழமை ஆறு மணி வரை நேரம் இருக்கிறது, ஞாயிறு முழுக்க இருக்கிறது, யோசித்து நல்லபடியாக எழுதலாம். கோபமாக இருந்தேனா? இல்லை. அவசரமா? அவசரம் உள்ளே இருந்திருக்கும், முகத்தில் இருந்திருக்குமா? என் முகத்தை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும், எனக்குத் தெரிவதெல்லாம் ஸ்பூன், தயிர், அவன் மூடிய இமையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பருக்கை. ஊட்டும்போது என்ன சொல்வேன்? ஆ காட்டு ராசா. ஆ காட்டு என் தங்கம். சொல்லிப் பார்த்தேன். மில் வாசலில், மாவு பூசின கையோடு, மெதுவாக, ஆ காட்டு என்று. வாய் தானாகத் திறந்தது, கன்னம் இரண்டும் மேலே ஏறின, கண் சுருங்கியது. சம்பூர்ணம் அக்கா திரும்பிப் பார்த்தாள். "யாருக்குடி ஆ காட்டுற? சிரிப்பு வேற." ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். திங்கட்கிழமை வரை வைத்திருந்தால் இதை மாற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் அப்போதே அனுப்பினேன்: சிரித்துக்கொண்டிருந்தேன், யாழரசி.